இருமொழியாளரின் கடமையும் உரிமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கைகளில் ஏடும் எழுதுகோலும் கொடுத்துவரும் இச்சங்கத்தின் விழாவில், போர்க்களத்தில் செய்தியாளர்க்கு மொழிபெயர்ப்போரைப் பற்றிப் பேச விழைகின்றேன். பெரியபாளையத்திற்கும் போர்க்களத்திற்கும் என்ன தொடர்பு என வியப்பீர்கள். நம் வட்டாரமாகிய கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கின்றது. அவர்கள் பட்ட துயரை உலகம் அறிந்தது எவ்வாறு? இரு மொழி அறிந்த சிலர் துணிந்து சொன்னதாலன்றோ!

போர் நடக்கும் ஊருக்கு வரும் அயல்நாட்டுச் செய்தியாளர்க்கு மொழி தெரியாது, வழியும் தெரியாது. உள்ளூர் இளைஞர் ஒருவரே அவருக்குக் கண்ணும் காதும் நாவும் ஆகின்றார். செய்தி அச்சேறும்போது அவர் பெயர் பெரும்பாலும் அதில் இராது. செய்தியாளர் தம் நாடு திரும்புவார். இவரோ அதே தெருவில் வாழவேண்டும்.

2007 மார்ச்சில் ஆப்கானிஸ்தானில் ஓர் இத்தாலியச் செய்தியாளரும், அவருடைய மொழிபெயர்ப்பாளர் அஜ்மல் நக்ஷ்பந்தியும், கார் ஓட்டுநரும் தாலிபான்களிடம் சிக்கினர். ஓட்டுநர் கொல்லப்பட்டார். சிறையிலிருந்த தாலிபான்கள் ஐவரை அரசு விடுவித்தது; இத்தாலியர் உயிர் மீண்டார். அஜ்மல் மீளவில்லை, ஏப்ரல் 8-ஆம் நாள் அவரையும் கொன்றனர்.

யாழ்ப்பாணத்து மயில்வாகனம் நிமலராஜன் தாமே ஒரு செய்தியாளர். பி.பி.சி.யின் தமிழ்ச் சேவைக்கும் சிங்களச் சேவைக்கும் செய்தி அளித்து, தமிழர் நிலையைச் சிங்களவரும் கேட்கச் செய்தவர். 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

உழைப்பு ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது என்னும் நிலை நமக்குப் புதிதன்று. ஆயினும் அஞ்சி ஒதுங்குக என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோடி இரட்டைமலை சீனிவாசன் அவர்களை நினைமின்! 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய அப்பெருமகனார், பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். பிறர் சொல்லைப் பெயர்த்துரைத்த அதே நாவால், 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் மக்களின் உரிமையைத் தாமே எடுத்துரைத்தார். பிறருக்காகப் பேசக் கற்ற மொழி, நமக்காகப் பேசவும் உதவும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இளைஞர்களே! தமிழோடு ஆங்கிலமும் பிற மொழிகளும் பிழையறக் கற்றுக்கொள்ளுங்கள். நம் சிப்காட் ஆலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் உழைக்கின்றனர். அவர்களுள் ஒருவர் காயமுற்று மருத்துவரிடம் வந்தால், அவர் சொல்வதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். ஒரு சொல் பிறழ்ந்தால் மருந்தே பிறழும்; போர்க்களத்திலோ உயிரே போகும். உண்மை பிறழாமல் உரைப்பது உங்கள் கடமை.

அவ்வாறே, உழைப்புக்கு உரிய ஊதியமும், விரும்பினால் பெயரும், ஆபத்தில் பாதுகாப்பும் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. பணியேற்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். கேட்கக் கற்றுத் தருவதே கல்வி. அதற்காகவே இச்சங்கம் தோன்றியது.

வளர்க சங்கம்! வாழ்க அதன் தொண்டு!