ஆடுகளமும் அடைக்கலமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் அடைக்கலக் காதை என ஒரு பகுதி உண்டு. ஊரும் பொருளும் இழந்து வந்த கண்ணகியைக் கவுந்தியடிகள் மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி அவளுக்குத் தங்க மனை தருகிறாள். சமைக்க அரிசியும் காயும் பாலும் நெய்யும் தருகிறாள். துணைக்குத் தன் மகள் ஐயையைத் தருகிறாள். விருந்தோம்பலில் ஒரு குறையும் இல்லை. சிறிது பொழுதில் ஆயர்பாடியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. துயர் நீங்கக் குரவை ஆடுவோம் என்கிறாள் மாதரி. ஏழு மகளிர் கைகோத்து ஆடுகின்றனர். கண்ணகியும் அங்கே இருக்கிறாள். ஆடுபவளாக அன்று, காண்பவளாக.

இளங்கோவடிகள் இதனை ஒரு குறையாகச் சுட்டவில்லை. ஆயினும் இன்றைய உலகை மனத்தில் கொண்டு அக்காட்சியைப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். உணவும் உறையுளும் அளித்துவிடலாம்; அதன் பின்னும் வந்தவர் காண்பவராகவே, ஊரார் ஆடுபவராகவே இருந்துவிடக் கூடும். அடைக்கலம் முற்றுப் பெறுவது, காண்பவர் எழுந்து ஆடுபவரோடு கைகோக்கும் நாளில்தான். அகதிகள் வாழ்வில் விளையாட்டுக்கு இடம் உண்டா என்னும் கேள்விக்கு விடை அங்கிருந்தே தொடங்குகிறது.

2024 ஆம் ஆண்டின் முடிவில் போராலும் வன்முறையாலும் வீடிழந்து பெயர்ந்தோர் தொகை 12 கோடியே 32 இலட்சம் என ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் கணக்கிட்டது. அவர்களுள் நாட்டெல்லை கடந்து அகதிகளானோர் ஏறத்தாழ 4 கோடியே 27 இலட்சம். இவர்களுள் பெரும்பாலோர் செல்வ நாடுகளில் இல்லை. அண்டை நாடுகளில், தாமே வறுமையோடு போராடும் மக்களின் நடுவில் வாழ்கின்றனர். ஆகவே அகதிச் சிக்கல் என்பது வந்தவரின் துயர் மட்டும் அன்று. இடம் தந்தவரின் துயரும் ஆகும். கிணற்று நீர், விறகு, பள்ளியில் ஓர் இடம், கூலி வேலை ஆகிய இவையே பகைக்குக் காரணம் ஆகின்றன. விளையாட்டுத் திடலும் அந்தப் பட்டியலில் சேர்வது உண்டு.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா நகரை ஒட்டிய கிளார்க்ஸ்டன் என்னும் சிற்றூர் இதற்குச் சான்று. பல நாட்டு அகதிகள் அங்கே குடியமர்த்தப்பட்டதால் சில ஆண்டுகளில் ஊரின் முகமே மாறிற்று. ஜோர்தானில் பிறந்த லூமா முஃப்லே என்னும் இளம்பெண், அகதிச் சிறுவர்களைக் கொண்டு 2004 இல் ஒரு கால்பந்துக் குழுவை அமைத்தார். நகரப் பூங்காவின் திடலில் கால்பந்து ஆடக் கூடாது என மேயர் தடுத்தார். 2006 இல் நகர மன்றம் கூடி, முதலில் ஆறு மாத காலத்திற்கு அத்திடலை அக்குழுவிற்குத் திறந்துவிட்டது. மேயரின் தடையை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கிவிடுவது எளிது. தாம் ஆடி வளர்ந்த ஆட்டம் மறைந்து, தம் ஊரிலேயே தாம் அயலாராகிவிடுவோமோ என்னும் அச்சம் பழங்குடியினர் பலரிடம் இருந்தது. அந்த அச்சத்தை அறியாமல் அகதிக்கு மட்டும் பந்து வாங்கிக் கொடுப்போர், பந்தோடு பகையையும் சேர்த்து வாங்கிக் கொடுக்கின்றனர்.

இதற்கு மாறான வழி ஒன்று கென்யாவில் தோன்றியது. அந்நாட்டின் வடமேற்கில் துர்க்கானா என்னும் வறண்ட நிலம் உள்ளது. அங்கே வாழும் துர்க்கானா மக்கள் கால்நடை மேய்ப்போர். சூடானின் போரிலிருந்து தப்பி வந்தோர்க்காக 1992 இல் அந்நிலத்தில் கக்குமா முகாம் அமைக்கப்பட்டது. இன்று பல நாட்டு அகதிகள் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்கே உள்ளனர். முகாமில் அகதிகளுக்குப் பங்கீட்டு உணவு உண்டு. வேலிக்கு வெளியே மழையின்றிக் கால்நடையை இழந்த துர்க்கானா மக்களுக்கு அதுவும் இல்லாத காலங்கள் உண்டு. விருந்தினர் உண்ண, வீட்டுக்காரர் பசித்திருக்கும் நிலை எத்தகைய கசப்பை வளர்க்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

அப்பகுதியின் கசப்பைத் தீர்க்க ஓட்டத்தைக் கருவியாகக் கொண்டவர் டெக்லா லொரூப். 1994 இல் நியூயார்க் மாரத்தான் ஓட்டத்தில் வென்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர். மாரத்தானில் உலகச் சாதனையும் படைத்தவர். துர்க்கானாக்களுக்கு அண்டையரான போகோட் இனத்தில் பிறந்தவர். இவ்விரு இனங்களுக்கும் இடையே ஆநிரை கவர்தலும் மீட்டலும் நெடுங்காலப் பகையாக இருந்து வந்தன. தொல்காப்பியர் வெட்சித்திணையில் வைத்த அதே போர்தான். வேல் இருந்த கையில் துப்பாக்கி வந்துவிட்டது என்பதே வேறுபாடு. 2003 இல் லொரூப் தம் பெயரில் ஓர் அமைதி அறக்கட்டளையை நிறுவி, பகைத்து நின்ற இனங்களின் வீரர்களையே ஓர் ஓட்டப் பந்தயத்திற்கு அழைத்தார். ஆநிரை கவரக் காடு மேடெல்லாம் ஓடிய கால்கள் ஒரே கோட்டில் நின்று ஒரே திசையில் ஓடின.

அந்தப் பட்டறிவோடுதான் அவர் கக்குமாவிற்குள் நுழைந்தார். அகதிகளிடையே ஓட்டப் போட்டிகள் நடத்தி, தேர்ந்தவர்களை நைரோபிக்கு அருகே தங்க வைத்துப் பயிற்சி தந்தார். 2016 இல் ரியோ ஒலிம்பிக்கில் வரலாற்றிலேயே முதன்முறையாக அகதிகள் அணி ஒன்று களம் இறங்கியபோது, அதன் பத்துப் பேரில் ஐவர் கென்யாவில் பயின்ற தென் சூடானியர். அணியின் தலைமைப் பொறுப்பு லொரூப்பிடம் இருந்தது. ஒலிம்பிக் கொடியை ஏந்தி முன் நடந்த ரோஸ் லோகோன்யென், சிறுமியாகக் கக்குமாவிற்கு வந்து சேர்ந்தவர். முறையான பயிற்சி கிடைக்கும் வரை வெறுங்காலுடன் ஓடியவர். ஐவருள் எவரும் முதற்சுற்றைத் தாண்டவில்லை. பதக்கக் கணக்கில் அது ஒன்றுமில்லை. ஆயின் அதுவரை எண்ணாகவும் பங்கீட்டு அட்டையாகவும் அறியப்பட்டவர்கள் அன்று பெயரோடு அழைக்கப்பட்டனர்.

அதே ரியோவில் இன்னொரு காட்சி. காங்கோ நாட்டுப் போரில் குழந்தைப் பருவத்திலேயே வீட்டைப் பிரிந்தவர் பொப்போலே மிசெங்கா. ஜூடோ மற்போர் வீரரான அவரும் யோலாண்டே மபிக்காவும் 2013 இல் உலகப் போட்டிக்காக ரியோ வந்து, அங்கேயே அடைக்கலம் கோரினர். நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்தனர். முன்னாள் ஒலிம்பிக் வீரர் ஃபிளாவியோ காண்டோ சேரிச் சிறுவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சி நிலையம் அவர்களைச் சேர்த்துக் கொண்டது. இங்கே கருதத் தக்கது யாதெனில், அந்நிலையம் அகதிகளுக்கென்று கட்டப்பட்டது அன்று. ரியோவின் ஏழைப் பிள்ளைகள் விழுந்து எழுந்த அதே பாயில் காங்கோ அகதிகளும் விழுந்து எழுந்தனர். ஒலிம்பிக் களத்தில் மிசெங்கா முதற்போட்டியில் வென்றது இந்தியாவின் அவதார் சிங்கை. இந்தியர்க்கு அது தோல்விதான். ஆனால் பிரேசில் மக்கள் நிறைந்திருந்த அரங்கம் மிசெங்காவின் பெயரைச் சொல்லி முழங்கியது. நாடில்லாத ஒருவரை ஓர் ஊர் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்ட நேரம் அது.

விளையாட்டில் கொடை ஒரு வழிப் பாதையும் அன்று. 1979 இல் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் புகுந்தபின் இலட்சக்கணக்கானோர் பாகிஸ்தானுக்குத் தப்பினர். பெஷாவர் அருகிலுள்ள கச்சா காடி முகாமில் வளர்ந்த சிறுவர்கள், தமக்கு இடம் தந்த நாட்டின் ஆட்டமான கிரிக்கெட்டைக் கற்றனர். தாஜ் மாலிக் என்னும் இளைஞர் அங்கே ஓர் அணி திரட்டினார். 1995 இல் ஆப்கானியக் கிரிக்கெட் அமைப்பு பிறந்தது. 2017 இல் அந்நாடு டெஸ்ட் தகுதி பெற்றது. 2018 ஜூனில் பெங்களூரில் இந்தியாவை எதிர்த்துத் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. இரண்டே நாளில் தோற்றது. வென்ற இந்திய அணி, கோப்பையுடன் படம் எடுத்துக்கொள்ள ஆப்கானியரையும் அழைத்து உடன் நிறுத்திக்கொண்டது. 2024 இல் அதே ஆப்கானியர் இருபது ஓவர் உலகக் கோப்பையின் அரையிறுதி வரை சென்றனர். முகாமின் புழுதியில் விதைத்தது இவ்வளவு தூரம் வளர்ந்தது.

ஆனால் அக்கதையின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சி மீண்டபின் ஆப்கானியப் பெண்கள் ஆடுவதே இயலாததாயிற்று. ஒப்பந்தம் பெற்றிருந்த வீராங்கனையர் பலர் ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் புகுந்து, முதலில் அவ்வூர்க் கழகங்களில் உள்ளூர்ப் பெண்களோடு சேர்ந்து ஆடினர். 2025 ஜனவரி 30 அன்று மெல்போர்னில் தாமே ஓர் அணியாகத் திரண்டு முதல் ஆட்டம் ஆடினர். பாகிஸ்தானோ, 2023 இறுதியிலிருந்து ஆவணமற்ற ஆப்கானியரைப் பெருந்தொகையாகத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. கிரிக்கெட் கற்றுத் தந்த மண்ணில் தங்கும் உரிமையைக் கிரிக்கெட்டால் வாங்கித் தர இயலவில்லை.

இங்கேதான் விளையாட்டின் எல்லையை உணர வேண்டும். கேமரூனில் பிறந்த சிண்டி என்காம்பா பதினொரு வயதில் இங்கிலாந்தின் போல்டன் நகருக்கு வந்தார். அவ்வூர் இளையோர் மன்றத்தில் குத்துச்சண்டை பயின்றார். வளர்ந்தபின் தாள்கள் சரியில்லை என ஒரு முறை பிடித்துக் காவலில் வைக்கப்பட்டார். குத்துச்சண்டையில் தேர்ந்தும் குடியுரிமை இன்மையால் பிரிட்டன் அணியில் ஒலிம்பிக்கில் ஆட இயலாதவரானார். 2024 இல் பாரிஸில் அகதிகள் அணியில் ஆடி வெண்கலம் வென்றார். அகதிகள் அணிக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுவே. அவரைப் போற்றும்போதே ஒரு கேள்வி எழ வேண்டும். பதக்கம் வெல்லாத, வேகமாக ஓடத் தெரியாத அகதிக்கு என்ன மதிப்பு? திறமைக்குப் பரிசாகத் தரப்படுவது அடைக்கலம் ஆகாது. அடைக்கலம் உரிமை, விளையாட்டு அவ்வுரிமைக்கு ஈடாக நிற்காது.

இக்கேள்வி தமிழ் மண்ணுக்கும் உரியது. 1983 முதல் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர் தமிழகத்து முகாம்களில் வாழ்கின்றனர். 2021 இல் தமிழக அரசு அவற்றை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றியது. அங்கேயே பிறந்து வளர்ந்து, இந்த மண்ணையன்றி வேறு மண்ணைக் கண்டறியாத இளைஞர் பலர் உள்ளனர். இந்திய அணியின் உடையை அணிய இந்தியக் குடியுரிமை வேண்டும். அது இல்லாதவர் எவ்வளவு விரைந்து ஓடினாலும் அந்தக் கோட்டைத் தொட முடியாது. கோட்டை மாற்றி வரைவது சட்டத்தின் வேலை. ஆனால் ஊர்த் திடலில், ஊர்ப் பிள்ளைகளின் அணியில் அவர்களைச் சேர்க்க எந்தச் சட்டமும் தடையில்லை. மொழியும் ஒன்றே.

ஆகவே, இப்பணியில் இறங்குவோர் நெஞ்சில் கொள்ளத் தக்கவை சில. முகாமுக்கு ஓர் அணி, ஊருக்கு ஓர் அணி என்று பிரித்து மோதவிட்டால் பழைய வேலியே திடலிலும் முளைக்கும். இரு சாராரையும் ஒவ்வோர் அணியிலும் கலந்து நிறுத்த வேண்டும். அகதிச் சிறுவனுக்குக் காலணி தரும்போது அவன் அருகில் நிற்கும் ஊர்ச் சிறுவனுக்கும் தர வேண்டும். பயிற்றுநர் இரு சாராரிலிருந்தும் வர வேண்டும். பெண்பிள்ளைகள் அஞ்சாமல் வந்து செல்லும் நேரமும் வழியும் அமைய வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஜூன் 20 ஆம் நாள் உலக அகதிகள் தினத்தன்று ஒரு போட்டி நடத்திப் படம் எடுத்துக் கலைவதோடு பணி முடிந்துவிடாது. போரில் பெற்றோரை இழந்த குழந்தைக்கு வேண்டியது விழா அன்று. அடுத்த வாரமும் அதே நேரத்தில் அதே திடலில் ஒருவர் தன் பெயரைச் சொல்லி அழைப்பார் என்னும் உறுதி.

மாதரி தந்த அரிசியும் நெய்யும் பெருமைக்கு உரியவை. அவற்றில் ஒரு துளியும் குறைத்து மதிப்பிடல் தகாது. ஆயினும் உலகெங்கும் இன்று குரவை நடக்கும் மன்றுகளின் ஓரத்தில் கண்ணகியர் பலர் நிற்கின்றனர். ஆடுவோர் கையை நீட்டினால் போதும்; வட்டம் சற்று அகலும், அவ்வளவே.