வேட்டைத் துப்பாக்கியின் தரம்



காட்டுப்பன்றி இளங்கன்றுகளைப் பெயர்க்கும்போது உரிமம் பெற்ற வேட்டைக்காரரை நாடுகிறோம். அவர் கையிலுள்ளது பெரும்பாலும் சிதறுகுண்டுத் துப்பாக்கியே. தாழ்ப்பாள் வகை ரைஃபிளாயின், அது நம்பத்தக்கதா என்பதை அருகில் நிற்பவரும் அறிதல் வேண்டும்.

இவ்வகைக்கு முன்மாதிரி ஜெர்மனியின் 1898ஆம் ஆண்டு மவுசர். குழலின் பின்வாயை மூடும் தாழ்ப்பாளின் முன்புறம் இரு பற்கள். பின்னால் மூன்றாவது ஒன்று. முன்பற்கள் முறிந்தாலும் தாழ்ப்பாள் சுடுபவர் முகத்தில் பாயாது தடுப்பதற்கே அம்மூன்றாம் பல். தோட்டாவின் அடியைப் பற்றும் அகன்ற நகம் வெற்றுக்கூட்டைத் தவறாமல் இழுத்தெறியும். மெருகிட்ட மரக்கட்டையைக் கண்டு மயங்குவோர் இவற்றைப் பார்ப்பதில்லை.

விசையே உயிர்நாடி. அமெரிக்காவில் 1962இல் வெளிவந்த ரெமிங்டன் 700 குறி தவறாமைக்குப் பெயர்பெற்றது. ஆயினும், விசையைத் தொடாமலே வெடித்ததாகப் பல வழக்குகள் எழுந்தன, உயிர்களும் போயின. குறையை ஒப்புக்கொள்ளாமலே, பழைய விசைகளை இலவசமாக மாற்றித்தர நிறுவனம் 2014இல் இசைந்தது.

1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமற்றவர் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். ஆகவே சோதனையை அவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். தோட்டா இல்லையெனக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தபின், ஆளில்லாத் திசை நோக்கித் தாழ்ப்பாளை மூடிப் பாதுகாப்புப் பூட்டை இடட்டும். விசையை அழுத்தி விட்டுவிட்டு, பிறகு பூட்டை நீக்கட்டும். அப்பொழுது 'டக்' என்று ஊசி விழுந்தால், அவர் எத்துணைக் கெட்டிக்காரராயினும் அத்துப்பாக்கியுடன் அன்றிரவு தோட்டத்திற்குள் வர வேண்டாம்.