பாறையைத் தளர்த்தும் நுண்ணலை

கடினமான பாறையை உடைப்பதற்கு முன்னால் அதன் கட்டுறுதியைக் குலைத்துவிட வேண்டும் என்னும் எண்ணம் சுரங்கத் தொழிலுக்குப் புதியதன்று. ஜெர்மானிய அறிஞர் கியார்கியுஸ் அக்ரிகோலா எழுதி 1556ஆம் ஆண்டில் வெளிவந்த சுரங்கவியல் நூலில், பாறை முகப்பில் விறகை அடுக்கித் தீமூட்டி அதை நொறுங்கச் செய்யும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. தென்னிந்தியக் கருங்கல் குவாரிகளிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே உத்தி மிக நுட்பமாகக் கையாளப்பட்டது. பாறையின் மேல் நீளவாக்கில் தீயை வளர்த்து, அதற்குச் சற்று முன்னால் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே அடிப்பாறையிலிருந்து மேலடுக்கு விடுபட்டுவிட்டதா என்று தொழிலாளர்கள் கணித்தார்கள். விடுபட்டது உறுதியானதும் எரியும் விறகைச் சில அங்குலம் முன்னே தள்ளினார்கள். அகன்ற பலகைக் கற்கள் வெடிமருந்தின்றியே பெயர்ந்துவந்தது இந்தப் பொறுமையால்தான்.

தீ பாறையை மேற்பரப்பிலிருந்து சூடாக்குகிறது. மைக்ரோவேவ் என்னும் நுண்ணலையோ பாறையின் உள்ளே இருக்கும் குறிப்பிட்ட சில கனிமங்களைத் தேர்ந்தெடுத்துச் சூடாக்குகிறது. வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்ததே நுண்ணலையும். ஆனால் அதன் அதிர்வெண் மிக அதிகம். வீட்டு அடுப்பில் பயன்படும் நுண்ணலை ஒரு நொடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. இரும்பின் தாதுவான மேக்னடைட்டு, கந்தகம் கலந்த பைரைட்டு, ஈயத்தின் தாதுவான கலீனா போன்றவை இந்த ஆற்றலைப் பெருமளவில் உறிஞ்சிக்கொள்ள, அவற்றைச் சூழ்ந்திருக்கும் குவார்ட்ஸும் கால்சைட்டும் அலையை ஏறத்தாழ அப்படியே ஊடுருவிச் செல்ல விட்டுவிடுகின்றன. இதன் விளைவாக, ஒரே கல்லுக்குள் அடுத்தடுத்து இருக்கும் இரு மணிகளுள் ஒன்று கொதிக்க, மற்றொன்று குளிர்ந்தே கிடக்கிறது. சூடேறிய மணி விரிவடைந்து தன்னைச் சுற்றியுள்ள பகுதியை வெளிநோக்கித் தள்ளும்போது அங்கே இழுவிசை தோன்றுகிறது. பாறையின் இயல்பை அறிந்தோர்க்கு இதன் சிறப்பு விளங்கும்: அமுக்கத்தைத் தாங்கும் அதன் வலிமையோடு ஒப்பிட்டால், இழுவையைத் தாங்கும் வலிமை பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்குமேல் இருப்பதில்லை. ஆகவே பாறையின் மிக மெலிந்த குணத்தையே இம்முறை தாக்குகிறது. விரிசல்களும் கனிம மணிகளின் எல்லையை ஒட்டியே ஓடுகின்றன.

இங்கே வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆற்றலை மெல்ல மெல்லச் செலுத்தினால் சூடேறிய மணியின் வெப்பம் அண்டை மணிக்கும் பரவி, வெப்பநிலை வேறுபாடு மறைந்து, கல் முழுவதும் வெதுவெதுப்பாகுமே தவிர விரிசல் விழாது. குறைந்த ஆற்றலையே செலவிட்டு, அதை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குள் மிகச் செறிவாகச் செலுத்தும்போதுதான் பாறை தளர்கிறது. தொடக்கக் காலச் சோதனைகள் பலவற்றில் நேரமும் மின்சாரமும் மிகுதியாகச் செலவானதால் இம்முறை கட்டுப்படியாகாது என்றே கருதப்பட்டது; இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சாம் கிங்மனும் அவருடைய குழுவினரும் செறிவின் முக்கியத்துவத்தை விளக்கிக் காட்டிய பிறகுதான் அந்தக் கருத்து மாறத் தொடங்கியது. மணிக்கு 150 டன் வரை தாதுவைக் கையாளக்கூடிய முன்னோடி அமைப்பு ஒன்றையும் அவர்கள் உருவாக்கிச் சோதித்தார்கள்.

இந்த முயற்சியின் தேவையை ஒரு சிறு கணக்கு உணர்த்தும். இன்று வெட்டப்படும் செப்புத் தாதுவில் செம்பின் பங்கு அரை விழுக்காடாக இருக்குமானால், ஒரு டன் செம்புக்காக ஏறத்தாழ 200 டன் பாறையை வெட்டி, நொறுக்கி, மாவாக அரைக்க வேண்டியிருக்கிறது. அரைவை ஆலைகள் உறிஞ்சும் மின்சாரத்தில் மிகச் சிறு பகுதியே பாறையில் புதிய பரப்பை உருவாக்கப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாகவும் இரைச்சலாகவும் வீணாகிறது. நுண்ணலை பட்ட தாதுவில் கனிம மணிகள் தம் எல்லையிலேயே பிரியத் தலைப்படுவதால், அதைச் சற்றுப் பருமனாக அரைத்தாலே போதிய அளவு தாது விடுபட்டுவிடுகிறது. மின்சார மிச்சத்தைவிட இந்தப் பயனே பெரிதென்று கொள்ளலாம்.

நொறுக்கிய தாதுவைக் குழாய் வழியே செலுத்தி நுண்ணலை படச் செய்வதைக் காட்டிலும் கடினமானது, சுரங்கத்தின் உள்ளே, வெட்டப்படாத பாறை முகப்பையே தளர்த்துவது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஃபெர்ரி ஹஸ்ஸானியின் குழுவினரும், ஆஸ்திரியாவின் லியோபன் நகரச் சுரங்கவியல் பல்கலைக்கழகத்தினரும் பசால்ட்டு என்னும் எரிமலைப் பாறை உள்ளிட்ட பல பாறைகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே பக்கம் மட்டும் திறந்திருக்கும் முகப்பில் அலை சில சென்டிமீட்டர் ஆழம் வரையே வலுவாகச் செயல்படுகிறது. அலையைப் பாய்ச்சும் கொம்பு போன்ற உலோகக் குழாய்க்கும் பாறைக்கும் இடைப்பட்ட தொலைவு சிறிதளவு மாறினாலும் ஆற்றலின் ஒரு பகுதி எதிரொளித்துத் திரும்பிவிடுகிறது. சுற்றிலும் கசியும் அலையோ மனித உடலுக்குத் தீங்கானது. மேடுபள்ளமான முகப்பின் வடிவத்தை அளந்து, குழாயை உரிய தொலைவில் நிறுத்தி, அகச்சிவப்புக் கேமராவால் எந்தப் பகுதி சூடேறியது என்று பார்த்து, அதற்கேற்ப அடுத்த இடத்துக்கு நகரும் வேலையை ரோபோ ஒன்றால்தான் செய்ய முடியும். சுத்தியல் ஓசையைக் கேட்டு விறகை நகர்த்திய குவாரித் தொழிலாளியின் தேர்ச்சியைப் பொறிக்குப் புகட்டுவதே இப்பணியின் மையமான சவால். தாது இருக்கும் இடமே அதிகம் சூடேறுவதால், அந்த வெப்பப் படம் எதை வெட்டுவது, எதை விடுவது என்பதையும் ஓரளவு காட்டிக்கொடுக்கிறது.

நுண்ணலை, ரோபோ ஆகிய இந்த இரு தொழில்நுட்பங்களும் ஒன்றையொன்று நாடுவதற்கு வேறொரு வலுவான காரணமும் உண்டு. சுரங்கப் பாதை குடையும் பெரிய எந்திரத்தின் வெட்டுச்சக்கரம் ஒவ்வொன்றும் கடினப் பாறையின்மேல் 25 டன் எடைக்கு நிகரான விசையோடு அழுந்தவேண்டியிருக்கும்; அவ்வளவு விசையைத் தாங்குவதற்காகவே எந்திரம் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ளதாகிறது. முன்கூட்டியே தளர்த்தப்பட்ட பாறைக்குக் குறைந்த விசை போதும் என்பதால், சிறிய, எடை குறைந்த ரோபோக்களே குறுகிய தாது நரம்பைத் தொடர்ந்து சென்று வெட்டும் வாய்ப்புப் பிறக்கிறது.

அந்த வாய்ப்பின் மதிப்பைத் தமிழ்க் குடும்பங்கள் பல தம் வாழ்விலேயே அறிந்திருக்கின்றன. வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்றவர்கள் பெருந்திரளாக உழைத்த கோலார் தங்கவயலில், சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியபோது, பாறையில் தேங்கிய அழுத்தம் திடீரென விடுபட்டு வெடித்துச் சிதறிய விபத்துகளும், துளையிடும் தூசியால் வந்த நுரையீரல் நோயும் எண்ணற்ற உயிர்களை வாட்டின. 2001இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கத்தைப் போன்ற ஆழங்களில் பாறை முகப்பின் முன்னே மனிதனை நிறுத்தாதிருப்பதே முதல் நன்மை. மின்சார மிச்சம் அடுத்தபடியாகவே வருகிறது.

குறைந்த விசையே போதும் என்னும் வாதம் நிலவில் இன்னும் கூர்மையாகிறது. அங்கே ஈர்ப்புவிசை பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு என்பதால், எந்திரம் தன் எடையைக் கொண்டு பாறையைப் போதிய விசையோடு அழுத்துவது கடினம். துளையிடும் முனையைக் குளிரச் செய்ய நீரும் கிடையாது. நிலவின் கருநிறச் சமவெளிகளில் பரவியிருப்பது பசால்ட்டு என்பதால், மக்கில் குழுவின் ஆய்வு விண்வெளிச் சுரங்கத்தையும் மனத்தில் கொண்டே நடக்கிறது. ஆனால் குவார்ட்ஸ் மிகுந்த பாறையோ, உறிஞ்சும் கனிமம் மிக நுண்ணிய துகள்களாகத் தூவிக்கிடக்கும் பாறையோ நுண்ணலைக்கு எளிதில் இளகுவதில்லை; ஆகையால் ஒவ்வொரு தாதுப் படிவத்துக்கும் தனித்தனியே ஆய்வு செய்து, எவ்வளவு ஆற்றலை எவ்வளவு நேரம் செலுத்துவது என்று வகுக்க வேண்டியிருக்கிறது.