செம்பியன் மாதேவியும் பழங்கற்படியும்



நாம் கூடியிருக்கும் இந்தக் கெப்பாலா பத்தாசிலிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்று மூடா ஆற்றைக் கடந்தால் கெடா மாநிலம். சோழர் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிப்பது அந்நாட்டையே என்பர் ஆய்வாளர். கடாரத்தரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் 1006ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். இச்செய்தியை நீங்கள் முன்னரே கேட்டிருக்கலாம். அந்நாகப்பட்டினத்திற்கு அண்மையில் செம்பியன் மாதேவி என்றோர் ஊர் இன்றும் இருக்கிறது. அவ்வூருக்குப் பெயர் தந்த அரசியாரைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

உங்களுட் பலர் அவரைக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாயிலாக அறிந்திருப்பீர்கள். தம் மகன் அரியணை ஏறுவதை விரும்பாத சிவபக்தையாக அவர் அங்கே காட்சி தருகிறார். குழந்தை மாறிய நிகழ்ச்சி கல்கியின் கற்பனை. அதனைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இரவெல்லாம் கண்விழித்து அந்நூலைப் படித்தவருள் நானும் ஒருவன். ஆயினும் கல்வெட்டுகளிற் காணும் மாதேவியார், புதினத்து மாதேவியாரினும் செயல் மிக்கவர் என்பதே என் கருத்து.

அவர் மழவர் குலச் சிற்றரசர் ஒருவரின் மகள். முதலாம் பராந்தகனின் மகனாகிய கண்டராதித்தரின் தேவி. திருச்சிராப்பள்ளியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலையில் 941ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்றில் அவருடைய கொடை பதிவாகியுள்ளது. கண்டராதித்தர் அரசராக மட்டும் இருந்தவரல்லர். தில்லைப் பெருமான்மீது அவர் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. அவர் 957ஆம் ஆண்டளவில் மறைந்தார். மகனோ சிறு குழந்தை. ஆட்சி கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயனிடமும், பின்னர் அவன் மகன் சுந்தர சோழனிடமும் சென்றது. அக்குழந்தை உத்தம சோழன் என்னும் பெயரோடு அரியணை ஏறியது 970ஆம் ஆண்டளவிலேதான்.

அக்குடும்பத்தில் வேறொரு வழியும் இருந்தது. சுந்தர சோழன் இறந்தபோது அவன் தேவி வானவன் மாதேவி உடன் எரி புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறுகிறது. செம்பியன் மாதேவியார் அவ்வழியை மேற்கொள்ளவில்லை. கணவருக்குப் பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1001ஆம் ஆண்டில் திருவக்கரையில் அவர் செய்த திருப்பணி பற்றிய குறிப்புக் கிடைக்கிறது. அப்போது நாடாண்டவன் இராசராசன். முதற் குறிப்புக்கும் இதற்கும் இடையே அறுபது ஆண்டுகள். பராந்தகன் முதலாக ஆறு அரசர்கள்.

அதே காலத்தில், கீழ்க்கோடியிலுள்ள கொரிய நாட்டில், கொர்யோ மரபின் சொன்சூ மாதேவி தம் மகன் பொருட்டு 997 முதல் 1009 வரை ஆட்சியை நடத்தினார். அவ்வாண்டு நிகழ்ந்த படைக்கலகத்தில் மகன் அரியணை இழந்து கொல்லப்பட்டான். தாய் தலைநகரை விட்டு அகற்றப்பட்டார். அவர் வரலாற்றை நாம் அறிவது 1451இல் தொகுத்து முடிக்கப்பட்ட அரச வரலாற்று நூலால். நானூறு ஆண்டுகளுக்குப் பின், வேறொரு மரபின் அவைப் புலவர் எழுதியது அது. அவர்கள் அவ்வம்மையாரை நல்ல விதமாகக் காட்டவில்லை. நம் மாதேவியாருக்கோ அத்தகைய வரலாற்று நூலே இல்லை. அவர் வாழ்ந்த நாளில், அவர் ஆணையால் வெட்டப்பட்ட எழுத்துகளே நமக்குள்ள முதன்மைச் சான்று. எது நற்பேறு என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அவர் செய்த பணி என்ன? செங்கல்லால் ஆன பழங்கோயில்களைக் கருங்கற் கோயில்களாக மாற்றினார். திருநல்லம், திருக்கோடிகா, ஆடுதுறை, குற்றாலம் எனப்படும் திருத்துருத்தி, விருத்தாசலம், ஆரூர் அரநெறி ஆகியன அவற்றுட் சில. இங்கே குற்றாலம் என்றது மயிலாடுதுறைப் பக்கத்து ஊரை. அருவியுள்ள குற்றாலத்தை அன்று. திருநல்லம் இன்று கோனேரிராசபுரம் எனப்படுகிறது. அக்கோயிலைத் தம் கணவர் பெயரால் எடுப்பித்தார். சுவரில் கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பமும், அவர் இன்னார் என்று கூறும் எழுத்தும் உள்ளன. கோயிலைக் கட்டிய ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனின் பெயரும் அங்கே வெட்டப்பட்டுள்ளது. கட்டியவன் பெயர் நிலைப்பது அந்நாளில் அரிது.

இதில் அரசியல் இல்லையா என்று வினவலாம். இல்லையென்று நான் கூறமாட்டேன். அவரைக் குறிக்கும் கல்வெட்டுகள் உத்தம சோழரைத் 'திருவயிறு வாய்த்த' பிராட்டியார் என்று மீண்டும் மீண்டும் சொல்கின்றன. கிளை மாறிச் சென்ற அரசுரிமை தம் மகனிடம் திரும்பியதை நாடறியச் செய்யும் தொடர் அது. பக்தியும் உரிமையுணர்வும் ஒரே கல்லில் அமர்ந்திருக்கின்றன.

இனி, இவ்வுரைக்குத் தலைப்பான செய்தி. திருக்கோடிகாவில் பழைய கோயிலைப் பிரித்தபோது, முன்னோர் கொடைகளைக் கூறும் எழுத்துடைக் கற்கள் ஆங்காங்கே கிடந்தன. பல்லவர் காலத்தனவும் அவற்றுள் இருந்தன. வேறு எவரோ, எப்போதோ வைத்த விளக்குகளும் விட்ட நிலங்களும். அவற்றை அப்படியே விட்டுவிட்டு அரசியார் தம் கொடையை மட்டும் வெட்டுவித்திருந்தால் தடுப்பார் யார்? அவ்வாறு செய்யவில்லை. பழைய வாசகங்கள் புதிய சுவரிற் படியெடுத்து வெட்டப்பட்டன. படி என்பதை மறைக்காமல், 'பழங்கற்படி' என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. பழைய கல்லின் படி என்பது பொருள். தமிழாசிரியர்கள் இச்சொல்லை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறேன். மூலம் வேறு, படி வேறு என்னும் தெளிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு கோயிற் சுவரில் இருந்திருக்கிறது. இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. எழுத்து அழிந்தால் நிலத்தின் வருவாய் நிற்கும், விளக்கு அணையும்.

இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு என் பாட்டியார் நினைவு வந்தது. அவர் பால்மரம் சீவியவர். தோட்டத்து மாரியம்மன் கோயிற் சுவரில் கொடையாளர் பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் அவர் பெயரும், எதிரே ஐந்து வெள்ளி என்ற குறிப்பும் இருந்தன. எழுத்தறியாத அவர், தம் பெயர் எந்த வரியில் உள்ளது என்பதை மட்டும் அறிந்து, விரலால் தொட்டுக் காட்டுவார். பின்னாளில் குடமுழுக்கை முன்னிட்டுக் கோயில் புதுப்பிக்கப்பட்டது. பழைய சுவர் இடிக்கப்பட்டது. பளிங்குக் கல்லில் புதிய பட்டியல் எழுந்தது. அதில் ஐந்து வெள்ளிக்காரர் எவரும் இல்லை. பழைய சுவர் என்னவாயிற்று என்று கேட்டேன். பள்ளத்தை நிரப்பக் கொட்டிவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களுக்குத் தீய எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே. இடிப்பதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்து ஏட்டில் அப்பெயர்களை எழுதிக்கொள்ள அரைநாள் போதியிருக்கும்.

மாதேவியாரின் பெயரைத் தாங்கிய ஊரில், அவர் பிறந்த நாளாகிய சித்திரைக் கேட்டையில் அன்னமிட உத்தம சோழனின் தேவியர் கொடை அளித்தனர். மாமியாருக்காக மருமகள்மார் எழுதிவைத்த அறம்! இராசேந்திரன் காலத்தில் அவ்வூர்க் கோயிலில் அவருடைய படிமத்திற்கு வழிபாடும் நடந்தது. அமெரிக்காவின் வாசிங்டன் நகரிலுள்ள பிரீயர் கலைக்கூடத்தில் ஒரு செப்புத் திருமேனி இருக்கிறது. நீண்டு தாழ்ந்த இடக்கை, ஒடுங்கிய இடை, அமைந்த முகம். அது மாதேவியாரின் உருவமே என்று கருதுவோர் உளர். அம்மன் திருமேனியே என்பாரும் உளர். அதன் படத்தை நுழைவாயிலருகே மேசைமேல் வைத்துள்ளேன். திருக்கோடிகாக் கல்வெட்டின் வாசகமும் உடன் இருக்கிறது. தேநீர் வேளையில் வந்து பாருங்கள். வினாக்களையும் அப்போது கேட்கலாம்.