திராட்சைத் தோட்டத்தில் கேட்ட கேள்வி



"பயண அனுபவம் ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் கட்டளையிட்டுவிட்டார். ஹாஸ்டலில் ஒரே அறையில் குடித்தனம் நடத்திய நாங்கள் நாலு பேர், போன தை மாதம் நெய்வேலியிலிருந்து காரில் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தோம்.

உத்தமபாளையம் தாண்டினால் திராட்சைப் பந்தல்கள். தலைக்கு மேலே கருநீலக் கொத்துகள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை. கவாத்து செய்த நாலு மாதத்தில் பழம் வந்துவிடுவதால், வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். "ஒயின் கிடைக்குமா?" என்று கேட்ட நண்பனுக்குக் கிடைத்தது திராட்சைச் சாறுதான்!

தோட்டக்காரப் பெரியவர் எங்களை வீட்டுக்குள் அழைத்தார். சுவரில் சாமி படங்களோடு பென்னிகுவிக் படம். மேற்கே ஓடிய பெரியாற்றை, அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய இன்ஜினியர். 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. அவர் பிறந்த ஜனவரி 15ஆம் தேதி அந்தப் பக்கத்தில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

"தம்பிகளும் இன்ஜினியருங்கிறீங்க. நீங்க எந்த ஊருக்குத் தண்ணி கொண்டாந்தீங்க?"

வெள்ளந்தியாகத்தான் கேட்டார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைக்காவிட்டால், அது சுரங்கத் தளத்தையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அந்தப் பம்புகள்தான் என் பொறுப்பு.

"நான் தண்ணிய வெளியேத்துற ஆளுங்கய்யா" என்றேன். நண்பர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

"அந்தத் தண்ணி எங்க போவுது?"

"மின் நிலையத்துக்கு, டவுன்ஷிப்புக்கு. சுத்துப்பட்டு வயலுக்கும் போவுதுங்க."

"வயக்காரங்களப் பாத்திருக்கீகளா?"

பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷ சர்வீஸ். ஒவ்வொரு பம்பும் நிமிஷத்துக்கு எவ்வளவு இறைக்கும் என்பது மனப்பாடம். வாய்க்காலின் கடைசிவரை ஒரு நாளும் நடந்ததில்லை.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தேன். கடைமடையில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா சொன்னார்: "தண்ணி நிக்கறது தப்பில்ல சாமி. எப்ப நிக்கும்னு முன்னாடியே சொல்ல ஒரு ஆளு இருந்தா போதும்."

இப்போதெல்லாம் பராமரிப்புக்காகப் பம்பை நிறுத்துமுன் அவர் மகனுக்கு ஒரு போன் போடுகிறேன். என் படத்தை யாரும் சுவரில் மாட்டப்போவதில்லை. ஆனால் பெரியவரை மறுபடி பார்த்தால் பதில் சொல்ல ஒரு வாய்க்கால் இருக்கிறது.