வழிநடத்துவோர்க்கும் பயிற்சி வேண்டும்

(இளைஞர் குழு உதவியாளர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை மலைக்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் செல்ல நம்மிடையே ஆர்வத்திற்குக் குறைவில்லை. வேன் பேசி, சோற்றுப் பொட்டலம் கட்டிப் புறப்பட்டுவிடுகிறோம். ஆனால் நாற்பது பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்கும் நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? பிள்ளைகள்மேல் அன்பு இருந்தால் போதும் என்கிறோம். அன்பு வேண்டும்தான். ஆயினும் நீரில் மூழ்குகிறவனைக் கரைசேர்க்க அன்போடு அறிவும் வேண்டும்.

இவ்வுண்மையைச் சாரண இயக்கம் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களோடு முதல் பாசறையை நடத்தினார். இயக்கம் விரைவில் பரவியது; சிறுவர் பெருகினர்; தகுந்த தலைவர்களோ போதவில்லை. எனவே 1919-இல் லண்டனுக்கு அருகே கில்வெல் பார்க்கில் வயதுவந்தோர்க்கென்றே பயிற்சி தொடங்கப்பட்டது. முதல் பயிற்சிக்கு வந்தோர் 19 பேர். அவர்கள் சிறுவரைப் போலவே அணிகளாகப் பிரிந்து, கூடாரத்தில் தங்கி, திறந்தவெளியில் வாழ்ந்து கற்றனர். பயிற்சியை நிறைவேற்றியோர்க்குக் கிடைத்த அடையாளம் சிறு மரமணிகளே.

ஜாக் செவேன் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குருவை இங்கே நினைவுகூர்வோம். 1920-இல் பிரான்சின் கத்தோலிக்க சாரணர் இயக்கத்தை நிறுவியோரில் அவர் ஒருவர். கற்பிக்க வேண்டிய குருவாயிருந்தும், கில்வெல்லுக்குச் சென்று தாமே மாணவராகப் பயின்றார். பின்னர் ஷாமராந்து என்னுமிடத்தில் தம் நாட்டுத் தலைவர்களைப் பயிற்றுவித்தார். 2012-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அவரே பயின்றார் என்றால் நமக்கென்ன வெட்கம்?

இத்தகைய பயிற்சியில் கற்க வேண்டியவை எளியவையே. புறப்படும்போதும் திரும்பும்போதும் தலைகளை எண்ணுதல். நீரில் இறங்குவோரை இருவர் இருவராகச் சோடி சேர்த்தல். மெதுவாக நடக்கும் பிள்ளைக்கு ஏற்பக் குழுவின் வேகத்தை அமைத்தல். மூழ்குகிறவனைக் கண்டதும் குதித்தால் இரண்டு உயிர் போகலாம். முதலில் கம்பையோ கயிற்றையோ நீட்ட வேண்டும். இடிமின்னலின்போது தனிமரத்தடியில் ஒதுங்கலாகாது. பாம்பு கடித்தால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவற்றினும் அரிய பாடம் ஒன்றுண்டு. பயிற்சியில்லாதவர் எல்லாவற்றையும் தாமே செய்வார், முடியாதபோது அதட்டுவார். பயின்றவரோ ஆறேழு பேரை ஓர் அணியாக்கி, அவர்களுள் ஒருவனிடம் பொறுப்பைக் கொடுத்து, சற்றுத் தள்ளி நின்று கண்காணிப்பார். சோறு குழைந்தாலும் பொறுத்துக்கொள்வார். பிள்ளை தலைவனாவது அங்கேதான்.

பயிற்சிக்கு நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 1950-இல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கம் நம் நாட்டில் தலைவர்களைப் பயிற்றுவித்து வருகிறது. மத்தியப் பிரதேசத்துப் பச்மடியில் அதன் தேசியப் பயிற்சி நிலையம் உள்ளது.

யூபிலியை முன்னிட்டு ஆலயத்திற்கு வண்ணம் பூசினோம், நல்லது. அதோடு ஒரு தீர்மானமும் செய்வோம். பயிற்சி பெற்ற இருவரேனும் உடன் வராமல் நம் பிள்ளைகளை இனி வெளியூர் அழைத்துச் செல்வதில்லை. பெற்றோர்களே, பிள்ளையை அனுப்புமுன் இதைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. உதவியாளர்களே, பயில முன்வருவோர் இன்றே பெயர் கொடுங்கள்.

நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் ஒருவர்கூடக் குறையாமல் வீடு திரும்ப நல்ல ஆயனாம் இயேசு நமக்குத் துணைபுரிவாராக!