என் கட்சிக்காரருக்கு முகமில்லை



'மனிதன் நன்றி சொல்ல வேண்டியது சிங்கவால் குரங்குக்கா? கடற்பஞ்சுக்கா?' எதிரணி அம்மையார் குரங்குக்காக உருகிவிட்டார். வெள்ளிப் பிடரி, பழம் அடக்கும் கன்னப்பை, குட்டியை வயிற்றோடு சுமக்கும் தாய், விதை பரப்பிக் காடு வளர்க்கும் சேவை என்று அடுக்கினார். நான் மறுக்கவில்லையே! மேற்குத் தொடர்ச்சி மலை தவிர வேறெந்தக் காட்டிலும் இல்லாத குரங்கு அது. 1976-இல் களக்காடு சரணாலயம் வந்ததே அதற்காகத்தான்.

ஆனால் அம்மா, அழகா முகம் இருந்தா வக்கீல் கிடைப்பாங்க. என் கட்சிக்காரருக்கு முகமே இல்லையே! (சிரிப்பு) மூளை இல்லை, நரம்பு இல்லை, இதயம் இல்லை, வயிறும் இல்லை. 'அப்ப அது செடிதானே?' என்றார். இல்லீங்க, விலங்கு. குஞ்சுப் பருவத்தில் நீந்தும். அப்புறம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். உடம்பெல்லாம் துளை. உள்ளே சாட்டை போன்ற இழை கொண்ட செல்கள் ஓயாமல் அடித்து நீரை இழுக்கும். நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். 1907-இல் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கடற்பஞ்சைப் பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார. சிதறிய செல்கள் மறுபடி கூடிப் புதுப் பஞ்சாகிவிட்டன! நம்ம கூட்டுக்குடும்பம் ஒருதடவை பிரிஞ்சா சேருமா? (கைதட்டல்)

இப்போது வழக்குக்கு வருகிறேன். ஃபுளோரிடா கடலோரத்துப் பஞ்சு ஒன்றில் 1950களின் தொடக்கத்தில் பெர்க்மன் என்பவர் சில அபூர்வப் பொருள்களைக் கண்டார். அந்த அமைப்பைப் பார்த்துச் செய்த மருந்துதான் சைட்டரபின். 1969-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றும் இரத்தப் புற்றுநோய்க்குத் தருகிறார்கள். என்னிடம் படித்த பெண்ணின் மகனுக்கு ஏழு வயதில் அந்த நோய். மருந்துச் சீட்டில் இந்தப் பெயர் இருந்தது. பையன் இப்போது பத்தாம் வகுப்பு. அவள் யாருக்கு நன்றி சொல்வாள்?

வால்பாறையில் காட்டைத் துண்டாக்கித் தேயிலை போட்டோம். மரத்திலேயே வாழ்ந்த குரங்கு ரோட்டில் இறங்கி வண்டியில் அடிபட்டது. அதற்காகக் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம். அந்தக் குரங்கிடம் நாம் கேட்க வேண்டியது மன்னிப்பு, அம்மா! நன்றி வேறு, மன்னிப்பு வேறு.

இழுவலையில் சிக்கி வரும் கடற்பஞ்சைக் கழிவு என்று உதறுகிறோம். அதற்கு ஓடவும் தெரியாது, கத்தவும் தெரியாது.

மணி அடிச்சிட்டீங்க நடுவரே. தீர்ப்பு எழுதும்போது அந்தப் பையனையும் ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.